எது முதலில் விட்டுக்கொடுக்கும்?

அமெரிக்காவில் பழைய ரைஃபிள் வாங்கப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் குழலைப் பார்ப்பதில்லை. மரக்கட்டையின் பளபளப்புக்கும் மயங்குவதில்லை. திருகுகளின் தலையைத்தான் பார்ப்பார்கள். தலையில் வெட்டியிருக்கும் காடியின் விளிம்பு நேராகவும் கூராகவும் இருந்தால் மேற்கொண்டு பேச்சு நடக்கும். விளிம்பு பிதுங்கி, ஒரு பக்கம் சரிந்து, அங்கிருந்து பக்கத்து உலோகத்தில் நீளமாக ஒரு கீறல் ஓடியிருந்தால், விலையைக் குறைக்கச் சொல்வார்கள். இல்லையென்றால் துப்பாக்கியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வெளியே தெரியும் திருகையே இந்தப் பாடு படுத்தியவர், உள்ளே கண்ணுக்குப் படாத இடங்களில் என்னென்ன செய்து வைத்திருக்கிறாரோ என்ற பயம்தான்.

அந்த நாட்டில் துப்பாக்கி இருக்கும் வீடுகள் கோடிக்கணக்கில் உண்டு. வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடுபவர்களும் தங்கள் ரைஃபிளைப் பெரும்பாலும் வீட்டிலேயே, கார் நிறுத்தும் கொட்டகையிலோ சாப்பாட்டு மேசையிலோ வைத்துக் கழற்றித் துடைக்கிறார்கள். அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. இதற்கென்றே செய்து விற்கும் கருவிகளை வாங்கத்தான் வேண்டுமா, கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினால் ஆகாதா? வாங்கு என்பவர்கள் துப்பாக்கியின் விலையைக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் கருவியின் விலையைக் காட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் காசைப் பற்றியே பேசுவதால் வழக்கு முடிவதில்லை. கருவியும் துப்பாக்கியும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சில சதுர மில்லிமீட்டரில் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்று கேட்டுப் பார்த்தால், சில இடங்களில் ஒரு தரப்பும் சில இடங்களில் மறு தரப்பும் ஜெயிப்பது தெரியும்.

ஒரு நிபந்தனையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி வரும் எந்த வேலையையும் தோட்டா நீக்கிய, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த துப்பாக்கியில்தான் செய்வார்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கும்.

திருகுக்கு வருவோம். வீட்டில் இருக்கும் தட்டைத் திருப்புளியை வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முனையில் மெலிந்து, மேலே போகப் போகத் தடித்திருக்கும். சரியான ஆப்பு வடிவம். ஒரே திருப்புளி பல அளவுத் திருகுகளுக்கு உதவட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். ஆனால் துப்பாக்கித் திருகின் காடியில் இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். அதில் ஆப்பை இறக்கினால் மேல் விளிம்பில் மட்டும் உட்காரும், கீழே வெற்றிடம்.

இறுகிப்போன திருகு ஒன்றைக் கழற்ற 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு தேவை, திருப்புளி அலகின் அகலம் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலகின் இரண்டு ஓரங்களும் எதிரெதிர்த் திசையில் காடிச் சுவரை அழுத்துகின்றன. கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஓரத்திலும் சுமார் 68 கிலோ எடைக்கு ஈடான விசை. ஒரு ஆளின் முழு எடை! காடி 1.5 மி.மீ. ஆழம் என்றால், சுவரோடு ஒட்டி நிற்கும் அலகு அந்த எடையை முழு ஆழத்துக்கும் பரப்பிவிடும். ஆப்பு அலகோ விளிம்பை ஒட்டிய 0.1 மி.மீ. பட்டையில் மொத்தத்தையும் இறக்கும். அழுத்தம் பதினைந்து மடங்கு. திருகின் எஃகு பெரும்பாலும் திருப்புளியின் எஃகைவிட மென்மையானது, ஆகவே விளிம்பு சரிகிறது. சரிந்த விளிம்பு ஒரு சாய்தளம். அடுத்த முறை முறுக்கும்போது அலகு அந்தச் சாய்தளத்தில் ஏறி வெளியே தாவுகிறது. துப்பாக்கி என்றால் எங்கும் எண்ணெய் இருக்கும், வழுக்குவதற்குக் கேட்க வேண்டாம். தாவிய அலகு நேரே போய் இறங்குவது ப்ளூயிங் எனப்படும் நீலக்கருப்புப் படலத்தின் மேல். அது இரும்பு ஆக்சைடின் மிக மெல்லிய தோல். ஒரு கீறலுக்குத் தாங்காது.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர்களின் திருப்புளிகளில் அலகின் முனைப்பகுதி இணையாகவோ, இரு பக்கமும் லேசாக உட்குழிந்தோ இருக்கும். சாணைச் சக்கரத்தின் வளைவே அந்தக் குழிவைத் தருகிறது. அயோவா மாநிலத்தின் மாண்டிசூமா என்ற சிற்றூரில் 1939-இல் தொடங்கிய பிரவுனெல்ஸ் நிறுவனம் இப்படிப்பட்ட அலகுகளை அகலம் ஒன்று, தடிமன் ஒன்று என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளவு குறித்து விற்கிறது. ஒரு திருகுக்கு ஒரு அலகு. பார்க்கிறவர்களுக்கு இது வியாபாரத் தந்திரம் போலத் தோன்றும். மேலே போட்ட கணக்கைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது.

ஆனால் ஒப்பேற்றுகிறவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அந்த அலகுகள் கடைக்கு வருவதற்கு முன்னால் பழுதுபார்ப்பவர்கள் என்ன செய்தார்கள்? சாதாரணத் திருப்புளியை எடுத்து, கையிலிருக்கும் திருகின் காடிக்குப் பொருந்தும்வரை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டார்கள். இன்றும் அது முதல்தரமான கருவிதான். ஒரே ஒரு எச்சரிக்கை. சாணைச் சக்கரத்தில் பிடித்தால் முனை சூடாகும். சுமார் 220 பாகை செல்சியஸில் எஃகு வைக்கோல் நிறம் காட்டும். 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். நீலம் தென்பட்டால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். சாதாரணக் கார்பன் எஃகு அங்கே கடினத்தை இழந்திருக்கும். அடுத்த இறுகிய திருகில் அலகே முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு தேய்ப்பு, ஒரு முறை தண்ணீரில் தோய்ப்பு என்று பொறுமையாகப் போகிறார்கள்.

இப்போது தொலைநோக்கி பொருத்தும் திருகுகளில் தட்டைக் காடி அரிதாகிவிட்டது. ஆறுபட்டைக் குழியோ, 1967-இல் வந்த டார்க்ஸ் நட்சத்திரக் குழியோதான். அவை எளிதில் வழுக்குவதில்லை. அதுவே புதிய தொல்லை. காடி வழுக்கிய காலத்தில் அளவுக்கு மேல் முறுக்க முடியாது. இப்போது கை எவ்வளவு கொடுத்தாலும் திருகு வாங்கிக்கொள்கிறது.

திருகை முறுக்குவது எதற்கு? அது ஒரு மிகக் கடினமான ஸ்பிரிங் மாதிரி மயிரிழை நீண்டு, இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதற்கு. நமக்கு வேண்டியது அந்தப் பிடிப்பு. நம்மால் அளக்க முடிந்ததோ முறுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் உராய்வு உட்கார்ந்திருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி திருகுத் தலையின் அடியிலும் இன்னும் நாற்பது சதவீதம் மரையிலும் உராய்வாகவே தீர்ந்துவிடுகிறது. பிடிப்பாக மாறுவது பத்தில் ஒரு பங்கு.

அமெரிக்க ரைஃபிள்களில் தொலைநோக்கித் தாங்கிக்கு வழக்கமாக வரும் சிறிய திருகு சுமார் 3.5 மி.மீ. விட்டம் கொண்டது. அதற்கு 20 அங்குல-பவுண்டு முறுக்கு, அதாவது 2.26 நியூட்டன் மீட்டர், கொடுக்கிறோம் என்று கொள்வோம். பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரத்தில், உலர்ந்த மரைக்கான எண் 0.2. பிடிப்பு விசை சுமார் 330 கிலோ எடைக்கு ஈடு. இவ்வளவு சின்னத் திருகு! அதே திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அந்த எண் 0.15 ஆகக் குறைந்தால், அதே முறுக்குக்குப் பிடிப்பு 440 கிலோவைத் தொடும். முறுக்குமானி காட்டும் எண் மாறவே இல்லை; திருகு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபட்டுவிட்டது. அதனால்தான் தாங்கி செய்பவர்கள் முறுக்கு அளவைச் சொல்லும்போது மரை உலர்ந்திருக்க வேண்டுமா, பசை போட வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது வரியைப் படிப்பவர்கள் குறைவு.

சின்ன ஆலன் கீயை மட்டும் வைத்து, "கை சொல்லும்" என்று முறுக்குகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஏழரை சென்டிமீட்டர் கீயின் நுனியில் மூன்று கிலோ அழுத்தினால் அந்த 2.26 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பழகிய கை மூன்று கிலோவையும் ஆறு கிலோவையும் பிரித்தறியும். மூன்றையும் மூன்றரையையும் அறியாது, நாலு திருகிலும் ஒரே மாதிரி அழுத்தவும் செய்யாது. ஒரு திருகு 300, அடுத்தது 400 என்று பிடித்தால் தொலைநோக்கியின் மெல்லிய அலுமினியக் குழாய் நெளியும்; உள்ளே வில்லைகளை நகர்த்தும் பாகம் இறுகும். குறைவாக முறுக்கினாலும் ஆபத்து. .30-06 ரைஃபிள் சுடும்போது பின்னோக்கி ஏறத்தாழ நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகம் எடுக்கிறது. அரை கிலோ தொலைநோக்கியும் மூன்று மில்லிநொடியில் அதே வேகத்துக்கு வர வேண்டும் என்றால், தாங்கிகள் அதை அறுபது கிலோ விசையோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிடிப்பு குறைந்தால் குழாய் மயிரிழை வழுக்கும். நூறு மீட்டர் தொலைவில் குறி எங்கோ போகும், சுட்டவர் தோட்டாவைத் திட்டுவார். ஆகவே இந்த இடத்தில் முறுக்குமானியை வாங்கச் சொல்பவர்கள் கட்சிதான் என் கட்சியும்.

குழலைத் துடைப்பது வேறு உலகம். அங்கே கணக்கு தலைகீழாகிறது.

.30 ரக ரைஃபிள் குழலின் உள்ளே மேடும் பள்ளமுமாகச் சுருள் வரிகள் ஓடுகின்றன. தோட்டாவைச் சுழல வைப்பவை அவைதான். மேட்டில் குறுக்களவு 7.62 மி.மீ., பள்ளத்தில் 7.82 மி.மீ. ஆக, மேட்டின் உயரம் 0.1 மி.மீ. ஒரு தாளின் தடிமன். துல்லியம் முழுவதும் இந்தத் தாள் உயர மேட்டின் விளிம்பில் இருக்கிறது. அதிலும் குழல் வாயில், தோட்டா வெளியேறும் கடைசி வட்டத்தில் இருக்கிறது. தோட்டாவின் அடிப்பாகம் அந்த வட்டத்தைத் தாண்டும் நொடியில் பின்னால் பல நூறு வளிமண்டல அழுத்தத்தில் வாயு நிற்கும். வட்டம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டு, தோட்டாவின் வாலை லேசாக உதைத்துவிடும்.

இந்த மேட்டைத் தேய்ப்பது எது? எஃகுக் கம்பியை உள்ளே விட்டால் கீறும், அதனால் பித்தளையோ அலுமினியமோ போன்ற மென்மையான கம்பி நல்லது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. மென்மையான உலோகம் தானாக எஃகைக் கீறாது. ஆனால் வழியில் கிடக்கும் மணல் துகள் மென்மையான உலோகத்தில்தான் பதிந்து உட்காரும். குழல் எஃகின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 300. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஆயிரத்துக்கும் மேல். மணல் பதிந்த பித்தளைக் கம்பி ஒரு மெல்லிய அரம். துப்பாக்கி ஆலைகளிலேயே இந்தத் தத்துவம் வேலைக்கு ஆகிறது: குழலுக்குள் ஈயத்தை வார்த்து, அந்த ஈயத்தில் சாணைப்பொடி பூசி, முன்னும் பின்னும் இழுத்து உட்புறத்தை மெருகேற்றுகிறார்கள். ஈயம் எஃகைத் தேய்ப்பதில்லை. ஈயம் பிடித்துக்கொண்ட பொடி தேய்க்கிறது.

பிரிட்டிஷ் படைகளும், பின்னர் இஷாப்பூர் ஆலையில் செய்ததை ஏந்திய இந்திய வீரர்களும் பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் கம்பியே கிடையாது. கட்டையின் அடியில் ஒரு சின்னக் கதவு; உள்ளே எண்ணெய்க் குப்பியும், ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறும் இருக்கும். குண்டைக் குழலுக்குள் போட்டு, மறுமுனையில் துணி கோத்து இழுக்க வேண்டும். கயிறுதானே, என்ன செய்துவிடும்? நம் ஊர்க் கிணற்றடிக் கல்லில் தாம்புக்கயிறு போட்ட தடத்தைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். புழுதி ஏறிய கயிற்றை ஒரே பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்து, பல லீ-என்ஃபீல்டு குழல் வாய்களில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. ரஷ்யர்களின் மோசின்-நாகந்த் ரைஃபிளில் இதே வேலையைக் கம்பி செய்தது. அங்கே பட்டறைகளில் தேய்ந்த வாய்ப்பகுதியின் உட்புறத்தை அகலமாகக் கடைந்து எடுத்துவிட்டு, உள்ளே தேயாத வரிகள் தொடங்கும் இடத்தையே புதிய வாயாக்கினார்கள். அப்படிக் கடைந்த துப்பாக்கிகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன.

அப்படியானால் தீர்வு? ஒவ்வொரு முறை கம்பியை வெளியே எடுக்கும்போதும் ஒரு துணியால் துடைப்பது. காசே இல்லை. கம்பியைப் பின்பக்கத்திலிருந்து விடுவது, அது நேராகப் போக ஒரு வழிகாட்டிக் குழாய் வைப்பது ஆகியவை அடுத்த படி. எம்1 கேரண்ட் போன்ற சில ரைஃபிள்களில் பின்பக்கம் திறக்காது. வாய் வழியாகத்தான் விட்டாக வேண்டும். அங்கே வாயில் செருகும் சின்ன வழிகாட்டி ஒன்று, விலையோடு ஒப்பிட்டால், வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளையும்விட அதிகம் காப்பாற்றுகிறது.

கம்பியின் தடிமனையும் பார்த்துவிடுவோம். நீளமான மெல்லிய கம்பியின் முனையைத் தள்ளினால் ஒரு கட்டத்தில் அது நடுவில் வில்லாக வளையும். எந்த விசையில் வளையும் என்பதற்கு ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழி சொல்லிவிட்டார். விட்டத்தின் நான்காம் அடுக்கு அதில் வருகிறது. 90 செ.மீ. நீளம், 5.5 மி.மீ. விட்டம் கொண்ட எஃகுக் கம்பி சுமார் 11 கிலோ தாங்கும். அதே அளவு அலுமினியம் நாலு கிலோவைத் தொடுமுன் வளையும். சட்டை மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி எடுத்த 2.5 மி.மீ. கம்பியோ அரை கிலோவில் வளைந்துவிடும். இறுக்கமான துணியைத் தள்ள அதைவிட அதிகம் வேண்டும். எனவே ஹேங்கர் கம்பி உள்ளே வில்லாக வளைந்து, வெட்டிய முனையும் வயிறும் மேடுகளை உரசிக்கொண்டேதான் போகும். திருகி இணைக்கும் மூன்று துண்டுக் கம்பிகளிலும் இந்தத் தொல்லை உண்டு, இணைப்பின் படிக்கட்டு வேறு.

ஆனால் தள்ளினால்தானே வளையும்? இழுத்தால் வளையாது. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையைக் குழலைவிட நீளமாக நறுக்கி, ஒரு முனையைத் தீயில் காட்டிக் குமிழாக்கி, துணித்துண்டைக் கோத்து .22 ரைஃபிளுக்குள் இழுக்கிறார்கள் அமெரிக்கர்கள். செலவு சில்லறைக் காசு. நைலான் எஃகைக் கீறாது, மணல் ஒட்டினால் இழையை எறிந்துவிட்டு வேறு நறுக்கலாம். எனக்குத் தெரிந்து ஒப்பேற்றல்களில் அப்பழுக்கில்லாதது இதுதான். பழைய பல்துலக்கி, காதுகுடையும் பஞ்சுக்குச்சி, மூங்கில் சாப்ஸ்டிக் எல்லாம் இந்த வரிசையில் வரும். இடுக்கில் ஒட்டிய கரியைவிடக் கடினம், எஃகைவிட மென்மை. விட்டுக்கொடுக்க வேண்டியது தானாக விட்டுக்கொடுக்கும்.

மரம் மென்மையானதுதான், ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் ஆகாது. குழலுக்குள் ஏதேனும் சிக்கிக்கொண்டால் மரக்குச்சியை விட்டுத் தட்டுவது. மரம் நார்வாக்கில் பிளக்கும். நார் குச்சியின் நீளத்துக்குச் சரியாக இணையாக ஓடுவது அரிது, ஆகவே பிளவு சாய்வாக இறங்கும். இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆப்பாக இறுகும். தட்டத் தட்ட இன்னும் இறுகும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், சிக்கிய பொருளோடு சேர்த்து மரத்தையும் எடுப்பதற்குக் காசு கேட்பார், நியாயமாகவே.

கருவியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. 1965-க்குப் பிறகு எம்16 ரைஃபிள் அங்கே பெருமளவில் போனபோது, இதைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சும் கூடவே போயிற்று. துடைப்புச் சாமான்கள் போதவில்லை. வெடிமருந்தும் மாற்றப்பட்டிருந்தது, தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. ஈரக் காட்டில் சுட்ட தோட்டாக் கூடுகள் அறையிலேயே ஒட்டிக்கொண்டன. வாய் வழியாகக் கம்பியை விட்டுக் கூட்டை வெளியே தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை; அந்தக் கம்பியும் பலரிடம் இல்லை. 1967-இல் நாடாளுமன்ற விசாரணை நடந்தது. பிறகு பூச்சு வந்தது, சாமான்கள் வந்தன, காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கையேடும் வந்தது.

அடுத்தது சாமான் அலமாரியிலிருந்து சமையலறைக்கு. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். சமையல் உப்பின் தம்பி. காற்றில் ஈரப்பதம் 84 சதவீதத்தைத் தாண்டினால் அது தண்ணீரை இழுத்துக் கரைந்து, எஃகின் மேல் உப்புநீர்ப் படலமாகிவிடும். ஒரே இரவில் துரு. விலை உயர்ந்த எண்ணெய்களால் இதற்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர். பிரிட்டிஷ் வீரர்கள் புனலை வைத்துக் கொதிநீரை ஊற்றினார்கள். வெந்நீர் இரண்டு வேலை செய்கிறது: உப்பைக் கரைக்கிறது, குழலைச் சூடாக்கித் தானே உலரவும் வைக்கிறது. அதன் பிறகுதான் எண்ணெய். துப்பாக்கிக்குள் தண்ணீரா என்று பதறுகிறவர்கள்தான் இங்கே தோற்கிறார்கள். தேநீர்க் கெண்டி ஜெயிக்கிறது.

வீட்டிலேயே கலக்கும் கரைப்பான்களிலும் நல்லது உண்டு. எட் ஹாரிஸ் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிபுணர் பரப்பிய கலவையில் கார் கியர்பெட்டித் திரவம், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட், அசிட்டோன் ஆகியவை சம அளவில் சேரும். கரியை நன்றாகவே எடுக்கும். தீப்பிடிக்கும் என்பதால் காற்றோட்டமும் விலகி இருக்கும் அடுப்பும் வேண்டும். தோட்டாவின் உறை குழலில் விட்டுப்போகும் செம்புப் படிவை மட்டும் அது தொடாது. அதற்கு அம்மோனியா கலந்த கரைப்பான் தேவை. அம்மோனியா செம்போடு சேர்ந்து ஆழ்ந்த நீல நிறம் தரும். துணி நீலமாக வந்தால் குழலில் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் துணியைத் தாங்கிப் போகும் முனை பித்தளை என்றால், பித்தளையில் இருப்பதும் செம்புதானே! சுத்தமான குழலிலிருந்தும் நீலம் வந்துகொண்டே இருக்கும், மனிதர் மாலை முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருப்பார். பிளாஸ்டிக் முனைக்கு மாறினால் நீலம் நின்றுவிடும்.

ஒரு கலவையை மட்டும் யாரும் வீட்டில் தொட வேண்டாம் என்பேன். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து ஈயப் படிவைக் கரைப்பது. கரையத்தான் செய்யும். கரைந்து கிடைப்பது ஈய அசிட்டேட். தண்ணீரில் கரையும், உடம்புக்குள் எளிதாகப் போகும் நஞ்சு. சாதாரணத் துடைப்பிலும் ஈயம் உண்டு: பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, தோட்டாவில் ஈயமே இருக்கிறது. ஆகவே ஒப்பேற்றல்களிலேயே மோசமானது சாப்பாட்டு மேசை.

ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏஆர்-15 ரக ரைஃபிள்களில் பல பாகங்களைச் சுருட்டிய எஃகுத் தகட்டு ஊசிகள் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தட்ட, நடுவில் சின்னக் குமிழ் வைத்த பஞ்ச் விற்கிறார்கள். குமிழ் ஊசியின் துளையில் உட்கார்ந்துகொள்ளும், நழுவாது. ஆணியால் தட்டினால் மென்மையான ஆணி முனை விரிந்து, துளையின் வாயையும் கூடவே விரிக்கும். ஆனால் இங்கே பெரிய சேதம் பஞ்சால் வருவதில்லை. டிரிகரைக் காக்கும் வளையத்தைப் பிடிக்கும் இரு காதுகளும் அலுமினியம். அடியில் முட்டுக்கொடுக்காமல் தட்டினால், எவ்வளவு நல்ல பஞ்ச் என்றாலும் காது பொட்டென்று ஒடிந்துவிடும். ஒரு சின்ன மரத்துண்டை அடியில் வைத்தால் போதும்.

ஒப்பேற்றவே கூடாத ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடியபின் அதன் முகத்துக்கும் தோட்டாக் கூட்டின் தோள் சாயும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பது. .308 வின்செஸ்டர் ரகத்தில் இதற்கு மூன்று எஃகு அச்சுகள் உண்டு. முதலாவது 41.40 மி.மீ.; அதன்மேல் போல்ட் மூட வேண்டும். இரண்டாவது 41.50, அதன்மேல் மூடக் கூடாது. மூன்றாவது 41.61, அதன்மேலும் மூடினால் துப்பாக்கியைச் சுடக் கூடாது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். மறுபடியும் அந்தத் தாள் தடிமன். இந்த ரகத்தில் அழுத்தம் நாலாயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும். தூரம் அதிகமானால் கூடு பின்னோக்கி நீளும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து அறுபடும், சூடான வாயு போல்ட்டின் ஓரமாகச் சுட்டவரின் முகத்தை நோக்கி வரும்.

அச்சு வாங்காதவர்கள் காலிக் கூட்டின் அடியில் செலோ டேப்பை அடுக்காக ஒட்டி, போல்ட் எந்த அடுக்கில் மறுக்கிறது என்று பார்க்கிறார்கள். டேப் ஒரு அடுக்கு சுமார் 0.05 மி.மீ., எனவே இரண்டு அடுக்கு என்றால் 0.1 என்று கணக்கு. கணக்கு பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் போல்ட்டைத் திருப்பி மூடும்போது அதன் சாய்ந்த பற்கள் கையின் விசையைப் பல மடங்காக்குகின்றன. பசையும் பிளாஸ்டிக்கும் நசுங்குகின்றன. கூடும் அளவுகோல் இல்லை: ஆலையிலிருந்து வரும் கூடுகளுக்கிடையிலேயே 0.1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஒருமுறை சுட்ட கூடு அந்தந்த அறையின் அளவுக்கு ஊதியும் இருக்கும். அளக்க வேண்டிய இடைவெளியைவிட அளவுகோலின் தடுமாற்றம் பெரியது. போல்ட் மறுத்தால் டேப் தடித்ததா, அறை குறுகியதா? மூடினால் டேப் நசுங்கியதா, அறை நீண்டதா? எந்தப் பதிலையும் நம்ப முடியாது.

அச்சு கையிலிருந்தாலும் முறை உண்டு. போல்ட்டிலிருந்து கூட்டை இழுக்கும் கொக்கியையும் தள்ளும் ஊசியையும் முதலில் கழற்றுவார்கள், அவற்றின் ஸ்பிரிங் கைக்குப் பொய்யான தடையைக் காட்டிவிடும் என்பதால். அறையைத் துடைத்து உலர்த்துவார்கள். கரித்துகள் ஒன்று இருந்தாலும் அளவு கெடும். போல்ட்டின் பிடியை முழுக் கையால் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தொட்டு இறக்குவார்கள். முட்டியதும் நிறுத்திவிடுவார்கள். அழுத்தி மூடினால் கடினப்படுத்திய அச்சு தாக்குப்பிடித்துக்கொள்ளும், பற்கள்தான் தேயும். வேலை முடிந்ததும் எண்ணெய் பூசித் தனி டப்பாவில் வைப்பார்கள். தரையில் விழுந்த அச்சைச் சரிபார்க்காமல் மறுபடி தோட்டா அறைக்குள் விடமாட்டார்கள்.